ரஷ்ய எண்ணெய் வாங்கலாமா, கூடாதா? 1960-லேயே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய கே.டி.மாளவியா!

உக்ரைன் போர் தொடங்கிய 2022-க்குப் பிறகு, ரஷ்யா தள்ளுபடி விலையில் கொடுத்த கச்சா எண்ணெயை இந்தியா கப்பல் கப்பலாக வாங்கியது. மேற்கு நாடுகள் முறைத்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இதையே காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவோம் என்பது இந்தியாவின் வாதம்.

டிவி விவாதங்களைப் பார்த்தால் இது ஏதோ நேற்று முளைத்த பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால் கிட்டத்தட்ட இதே சண்டை, இதே ரஷ்ய எண்ணெயை வைத்து, 1960-ல் டெல்லியில் நடந்திருக்கிறது. அன்று எதிரே நின்றது இன்னொரு நாட்டின் அரசு இல்லை. பர்மா ஷெல், ஸ்டான்வாக் (பின்னாளில் எஸ்ஸோ), கால்டெக்ஸ் என்ற மூன்று எண்ணெய் கம்பெனிகள். இந்தப் பக்கம் நின்றவர் கேசவ தேவ் மாளவியா. இந்திய பெட்ரோலியத் துறையின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள்.

நம் ஊரில் ஓ.என்.ஜி.சி. என்றால் கதிராமங்கலமும் டெல்டா போராட்டங்களும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அந்த நிறுவனம் ஏன் உருவானது, அதற்காக ஒரு மனிதர் யாரை எல்லாம் பகைத்துக்கொண்டார் என்ற கதை இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. பெட்ரோல் விலை, மானியம், தன்னிறைவு என்று இன்று நாம் போடும் சண்டை பாதிக்கு மேல் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

சீமெண்ணெய் தேசம்

முதலில் ஒரு சின்ன தெளிவு. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியா வேறு, இவர் வேறு. கே.டி.மாளவியா 1904-ல் பிறந்தவர், அலகாபாத்காரர். கான்பூரில் உள்ள ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி சிறைக்குப் போனவர். காங்கிரஸுக்குள் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர், நேருவுக்கு நெருக்கமானவர்.

1950-களின் நடுவில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு அப்படியொன்றும் பெரியதில்லை. மௌலானா ஆசாத்தின் கீழ் இருந்த இயற்கை வளங்கள், அறிவியல் ஆராய்ச்சித் துறையில் துணை அமைச்சர். எண்ணெய் என்பது அந்தத் துறையின் ஒரு மூலை.

அப்போது இந்தியாவின் எண்ணெய் நிலைமை என்ன? சுதந்திரம் கிடைத்த சமயத்தில் உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் டன். எல்லாமே அசாமின் டிக்பாய் பகுதியிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் இறக்குமதி. மண்ணெண்ணெய்க்கு நம் தாத்தா பாட்டி வைத்த பெயரே சீமெண்ணெய், அதாவது சீமையிலிருந்து வரும் எண்ணெய். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. கிராமத்தில் விளக்கு எரிய அதுதான் வேண்டும்.

இறக்குமதி, சேமிப்பு, விற்பனை மூன்றும் அந்த மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில். அதிலும் பாதிக்கு மேல் பர்மா ஷெல்லிடம். 1950-களின் தொடக்கத்தில் மும்பை டிராம்பேயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலை கட்ட இவர்களோடு அரசு ஒப்பந்தம் போட்டது. தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை, பணமும் இல்லை. அதனால் அவர்கள் கேட்டதைக் கொடுக்க வேண்டிய நிலை. 25 ஆண்டுகளுக்கு ஆலைகளை நாட்டுடைமை ஆக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பதைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அங்கேதான் முட்டி நிற்கப்போகிறது.

விலை எப்படிப் போட்டார்கள்?

இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனால் இது புரிந்தால்தான் மாளவியாவின் கோபம் புரியும்.

அன்றைக்கு இந்தியாவில் எண்ணெய் விலை, இறக்குமதி சமநிலை என்ற கணக்கில் போடப்பட்டது. பாரசீக வளைகுடா துறைமுகத்தில் கம்பெனிகள் அறிவிக்கும் விலை, அதோடு கப்பல் கட்டணம், காப்பீடு, வரி, லாபம் எல்லாம் சேர்த்தால் வருவதுதான் இந்தியத் துறைமுகத்து விலை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு இது நியாயம்தான். ஆனால் அசாமில் பூமிக்கடியிலிருந்து எடுத்து, அங்கேயே சுத்திகரித்த எண்ணெய்க்கும் இதே கணக்குதான். வராத கப்பலுக்கும் கட்டணம் சேர்ந்த விலையை வாங்குபவர் கொடுத்தார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. இங்கே ஆலை நடத்துவதும் வளைகுடாவில் எண்ணெய் எடுப்பதும் ஒரே குடும்பத்துக் கம்பெனிகள். தாய் நிறுவனத்திடமிருந்து கிளை நிறுவனம் அறிவிக்கப்பட்ட முழு விலைக்கு வாங்கியது. 1950-களின் கடைசியில் உலகச் சந்தையில் எண்ணெய் தேவைக்கு மேல் இருந்தது, வெளியாட்களுக்குத் தள்ளுபடி தாராளமாகக் கிடைத்தது. இந்தியாவுக்கு மட்டும் அந்தத் தள்ளுபடி வந்து சேரவில்லை. லாபம் ஒரே குடும்பத்தின் ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் போனது. அதற்கான அந்நியச் செலாவணியை மட்டும் இந்தியா கொடுத்துக்கொண்டிருந்தது. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வேறு கழுத்தைப் பிடித்தது.

வரிப்பணத்தில் சூதாட்டமா?

மாளவியாவின் பதில் நேரானது. அரசே துளையிட்டு எண்ணெய் தேட வேண்டும். 1956-ன் தொழில் கொள்கைத் தீர்மானம் எண்ணெயை அரசுக்கான துறைகளின் பட்டியலில் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் பிறந்தது. அதுதான் இன்றைய ஓ.என்.ஜி.சி.

இதை எதிர்த்தவர்களை வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுவது பெரும்பாலும் தோல்வியில் முடியும் வேலை. உணவு தானியத்துக்கே அமெரிக்காவிடம் கையேந்திய நேரம் அது. உருக்காலைக்கும் அணைக்கும் பணம் பத்தவில்லை. அப்படிப்பட்ட நாடு வரிப்பணத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள் கொட்டலாமா? அனுபவமும் மூலதனமும் இருக்கும் கம்பெனிகள் அந்த ரிஸ்க்கை எடுக்கட்டுமே? உலக வங்கியும் ஏறக்குறைய இதே கருத்தில்தான் இருந்தது. அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு அது கடன் கொடுக்கவில்லை. அமைச்சரவைக்குள்ளேயும், குறிப்பாக நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் போன்றவர்களுக்கு, மாளவியாவின் வேகம் பிடிக்கவில்லை.

ஆனால் கம்பெனிகளுக்கு இந்தியாவில் எண்ணெய் தேட என்ன அவசரம்? வளைகுடாவில் அவர்களிடமே எண்ணெய் கொட்டிக்கிடந்தது. இங்கே புதிதாகக் கிடைத்தால் அதை விற்பதற்கு ஒரு சந்தை குறையும், அவ்வளவுதான். ஸ்டான்வாக் மேற்கு வங்கத்தில் அரசோடு கூட்டாகத் தேடியது, நாலில் ஒரு பங்கு செலவு அரசுடையது. 10 கிணறுகள், ஒன்றிலும் எண்ணெய் இல்லை. 1960-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். ஆர்வமில்லாமல் தேடினார்களா, நிஜமாகவே இல்லையா என்று சண்டை போடலாம். எண்ணெய் இல்லை என்பதே என் கருத்து. வங்காளத்தில் பிறகு அரசு நிறுவனம் தேடியபோதும் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

மாளவியா வேறு கதவைத் தட்டினார். 1955-ல் குழுவோடு சோவியத் யூனியனுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். சோவியத் நிபுணர்கள் வந்தார்கள். கலினின் என்பவர் தலைமையிலான குழு நாடு முழுக்கச் சுற்றி, குஜராத்தின் காம்பே பகுதியில் தேடிப் பாருங்கள் என்று நம்பிக்கை கொடுத்தது. முதல் கிணறு அங்கே இல்லை, இமாச்சலத்தின் ஜ்வாலாமுகியில், 1957-ல். வணிக ரீதியில் உதவும் அளவுக்கு எதுவும் வரவில்லை. விமர்சகர்களுக்குக் கொண்டாட்டம்.

1958 செப்டம்பரில் காம்பே அருகே லூனேஜில் எண்ணெய் வந்தது. 1960 மே மாதம் அங்கலேஷ்வரில் அதைவிடப் பெரிய வயல். நேரு நேரில் போய்ப் பார்த்தார், அந்தக் கிணற்றுக்கு வசுதாரா என்று பெயர் வைத்தார்கள். சூதாட்டம் என்று சொன்னவர்கள் கொஞ்ச நாள் அமைதியானார்கள்.

1960 ஜூலை: சுதந்திர வர்த்தகத்தைக் கேட்டது யார்?

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சோவியத் யூனியன் ஒரு ஆஃபர் கொடுத்தது. கம்பெனிகள் கொண்டுவரும் விலையைவிடக் குறைவாகக் கச்சா எண்ணெய் தருகிறோம், டாலரோ பவுண்டோ வேண்டாம், ரூபாயில் கொடுங்கள். செலாவணி இல்லாத நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரச்சினை ஒன்றே ஒன்று. இந்தக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க அரசிடம் ஓடுகிற ஆலை இல்லை. இருந்த பெரிய ஆலைகள் அந்த மூன்று கம்பெனிகளுடையவை. மாளவியா அவர்களிடம் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். காரணம், மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன அதே வரி. கச்சா எண்ணெய் எங்கிருந்து வாங்குவது என்பது எங்கள் உரிமை, ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். சோஷலிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்ட அமைச்சர், சந்தையில் மலிவாக இருப்பதை வாங்குவோம் என்கிறார். தனியார் தொழிலின் அடையாளமாக இருந்த கம்பெனிகள், மலிவு சரக்கை உள்ளே விடமாட்டோம் என்கின்றன. சுதந்திர வர்த்தகம் என்ற கொள்கையை அன்றைக்கு டெல்லியில் தூக்கிப் பிடித்தவர், அரசு எண்ணெய் நிறுவனத்தை உருவாக்கியவர்தான்.

அதே வாரங்களில் கியூபாவிலும் இதே நாடகம் ஓடியது. அங்கேயும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. காஸ்ட்ரோ ஆலைகளையே எடுத்துக்கொண்டார். இந்தியா அப்படிச் செய்யவில்லை. நேரு அரசு போட்ட கையெழுத்தை மதித்தது. மாளவியாவுக்கு இது கசப்பாக இருந்திருக்கும், ஆனால் ஆஃபரே ஆயுதமாகிவிட்டது. கதவுக்கு வெளியே இன்னொரு வியாபாரி நிற்கிறான் என்று தெரிந்ததும், கம்பெனிகள் தாங்கள் கொண்டுவரும் கச்சா எண்ணெய்க்குத் தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தன. ஒரு பேரல் சோவியத் கச்சா எண்ணெய்கூட அந்த ஆலைகளுக்குள் போகவில்லை, ஆனால் விலை இறங்கியது.

இதற்கு உலக அளவில் ஒரு பின்விளைவும் உண்டு. சோவியத் எண்ணெயின் போட்டி பல நாடுகளில் அழுத்தம் கொடுக்க, 1960 ஆகஸ்டில் பெரிய கம்பெனிகள் தங்கள் அறிவிப்பு விலையைக் குறைத்தன. எண்ணெய் நாடுகளின் வருமானம் அடிவாங்கியது. கோபத்தில் செப்டம்பரில் பாக்தாத்தில் கூடிய ஐந்து நாடுகள் ஒபெக்கைத் தொடங்கின. 13 ஆண்டுகள் கழித்து அதே ஒபெக் நாடுகளின் முடிவுகள் இந்தியாவையும் உலுக்கியது வேறு கதை.

கச்சா எண்ணெய்க்கு ஆலை இல்லை, சரி. சுத்திகரித்த டீசலுக்கு ஆலை எதற்கு? 1959-ல் தொடங்கிய அரசின் விற்பனை நிறுவனமான இந்தியன் ஆயில், டீசலையே நேரடியாகக் கொண்டுவந்தது. 1960 ஆகஸ்டில் உஷ்கரோட் என்ற சோவியத் கப்பல் டீசலோடு மும்பைக்கு வந்தது. இன்று தெருவுக்குத் தெரு ஆரஞ்சு போர்டு வைத்திருக்கும் இந்தியன் ஆயிலின் முதல் சரக்கு அதுதான். 1961-ல் தாம்லே தலைமையிலான விலை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. கம்பெனிகள் சொன்னதுதான் கணக்கு என்ற காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. ருமேனியா உதவியில் குவாஹாத்தி, சோவியத் உதவியில் பரௌனி, கோயலி என்று அரசு ஆலைகள் வரிசையாக எழுந்தன.

பத்தாயிரம் ரூபாய்

இவ்வளவு வேகமாக ஓடியவர் 1963 ஜூனில் பதவியை ராஜினாமா செய்தார். காரணம் எண்ணெய் இல்லை.

ஒடிசாவில் சுரங்கம் நடத்திய சிராஜுதீன் என்ற கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் மாளவியாவின் பெயர் இருந்தது. ஒரு காங்கிரஸ் வேட்பாளரின் தேர்தல் செலவுக்காக 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதாகக் குற்றச்சாட்டு. சுரங்கத் துறையும் அவரிடம்தான் இருந்தது என்பதால் விஷயம் சீரியஸானது. உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ்.கே.தாஸ் ரகசியமாக விசாரித்தார். அறிக்கையை அரசு அப்போது வெளியிடவில்லை. மாளவியா பதவியை விட்டார்.

எண்ணெய்க் கம்பெனிகள் பழி வாங்கிவிட்டன என்று அவர் ஆதரவாளர்கள் பேசினார்கள். அதை நிரூபிக்கும் ஆதாரம் பொதுவெளியில் இல்லை. பணம் தன் பைக்குப் போகவில்லை, கட்சிக்குத்தான் போனது என்ற சமாதானமும் என்னைப் பொறுத்தவரை பெரிய சமாதானம் இல்லை. சுரங்க உரிமம் கொடுக்கும் துறையின் அமைச்சர், சுரங்க முதலாளியிடம் நன்கொடை கேட்டால் அது கட்சிக்காக என்றாலும் பிரச்சினைதான். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கை வரி வரியாகக் கேள்வி கேட்டவர், உள்ளூர் கம்பெனி ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் சிக்கினார்.

திரும்பி வந்தபோது

ஒரு பத்தாண்டு அவர் மத்திய அமைச்சரவைக்கு வெளியே. அதற்குள் 1973-ன் எண்ணெய் அதிர்ச்சி வந்தது. பேரல் சுமார் 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. ஆனால் 1960-களின் முதல் பாதியில் சோவியத் ஆய்வுக் கப்பல் மும்பைக் கடலில் அடையாளம் காட்டியிருந்த இடத்தில், 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை எண்ணெயைக் கண்டது. பாம்பே ஹை. 1974-ன் பிற்பகுதியில் இந்திரா காந்தி பெட்ரோலியத் துறையை 70 வயது மாளவியாவிடம் கொடுத்தார். 1976 மே மாதம் பாம்பே ஹையில் உற்பத்தி தொடங்கியபோது அவர்தான் அமைச்சர்.

பழைய கணக்கும் அப்போதுதான் தீர்ந்தது. எஸ்ஸோவை அவர் வருவதற்கு முன்பே, 1974 மார்ச்சில், அரசு எடுத்திருந்தது. 1976 ஜனவரியில் பர்மா ஷெல், அதே ஆண்டு டிசம்பரில் கால்டெக்ஸ். கியூபா மாதிரி பிடுங்கவில்லை, இழப்பீடு கொடுத்து வாங்கினார்கள். இன்றைய ஹெச்.பி., பாரத் பெட்ரோலியம் பங்க்குகளின் பூர்வீகம் இவைதான்.

இங்கேதான் எனக்கு மாளவியாவோடு ஒரு சண்டை இருக்கிறது. 1960-ல் அவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தது எது? போட்டி. மூன்று கம்பெனிகளுக்கு எதிரே நான்காவதாக ஒருவர் வந்து நின்றதுதான். 1976-ன் முடிவில் எல்லோரும் அரசின் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே நிற்க யாருமில்லை. விலை எவ்வளவு என்பதைக் கம்பெனிகளின் குடும்பக் கணக்குக்குப் பதில் அரசின் கமிட்டிகள் முடிவு செய்தன.

அந்த ஏற்பாட்டுக்கு நிர்வாக விலை முறை என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் முழு வடிவம் பெற்றது. பெட்ரோலிலும் விமான எரிபொருளிலும் கூடுதலாக வாங்கி, அதை ஒரு பொதுக் கணக்கில் போட்டு, மண்ணெண்ணெயையும் சமையல் கேஸையும் மலிவாகக் கொடுப்பது. விளக்குக்குச் சீமெண்ணெய் வாங்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ரேஷன் மண்ணெண்ணெய் லாரி டீசலில் கலப்படமாகப் போனதும் அதே மலிவு விலையால்தான்.

அந்த முறையை 2002-ல் கைவிடுவதாக அறிவித்தாலும் மானியம் போகவில்லை. 2005-க்குப் பிறகு, பட்ஜெட்டில் காட்டாமல் எண்ணெய்ப் பத்திரங்களாக ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். அந்தக் கடனைப் பின்னால் வந்த அரசுகள் அடைத்தன. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும் டீசலுக்கு 2014-லும் அதிகாரப்பூர்வமாக நீங்கியது. ஆனால் தேர்தல் நெருங்கினால் விலை ஏன் நகர மாட்டேங்குது என்ற கேள்வியை இன்றைக்கும் நீங்கள் கேட்கிறீர்கள் இல்லையா?

தன்னிறைவு? பாம்பே ஹையின் புண்ணியத்தில் 1980-களின் நடுவில் நாட்டின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்நாட்டிலிருந்தே கிடைத்தது. சூதாட்டம் என்று சொல்லப்பட்ட அந்த வரிப்பணம் பல மடங்காகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தேவை பாய்ந்து வளர்ந்தது, உற்பத்தி தேங்கியது. இன்று கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது.

பாம்பே ஹை உச்சத்துக்குப் போவதை மாளவியா முழுதாகப் பார்க்கவில்லை. 1977-ல் காங்கிரஸ் தோற்றதோடு அமைச்சர் பதவி முடிந்தது. 1981 மே மாதம் இறந்தார். டேராடூனில் உள்ள ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்த் தேடல் ஆராய்ச்சி நிறுவனம் அவர் பெயரில் இயங்குகிறது.

பர்மா ஷெல்லின் ஒரு பாதியான ஷெல், 2000-களில் லைசென்ஸ் வாங்கி மறுபடி இந்தியாவில் பங்க் திறந்தது. சென்னையிலும் கோவையிலும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு பங்க்கைவிட அங்கே பல சமயம் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம்.